அத்தான் பார்த்துக்கொண்ட வண்டி

என் அத்தான் வீட்டில் முதல் ஏ.சி. மாட்டியது கார் ஷெட்டில்தான். புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற சாலையில், கடல் காற்று தொட்டுவிட்டுப் போகிற தூரத்தில் அந்த வீடு. ஆனி ஆடி மழையில் எங்கள் பக்கத்தில் செருப்பு, பெல்ட், பைபிளின் தோல் அட்டை எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூத்துவிடும். அத்தானுடைய காரின் தோல் சீட்டிலும் அப்படி ஒரு வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளி. அதைக் கண்ட அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே மார்த்தாண்டத்திலிருந்து ஆள் வந்து, ஷெட்டுச் சுவரை உடைத்து, ஏ.சி.யைப் பொருத்திவிட்டுப் போனான். அதன் தண்ணீர்க் குழாயைப் பின்பக்கம் அக்கா துணி துவைக்கிற கல்லுக்கு நேராக விட்டிருந்தார்கள். அக்கா குனிந்து துவைப்பாள், முதுகில் சொட்டுச் சொட்டாக விழும். "ஒரு முழம் தள்ளி விடச் சொல்லப்படாதா?" என்று கேட்டேன். "சாரமில்லட்டி. வெயிலுக்கு இதமாத்தான இருக்கு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை ஓர் உதை விட்டேன். துவைத்த துணியெல்லாம் மண்ணில் போய் விழுந்து, அதையும் அவள்தான் திரும்பத் துவைத்தாள்.

அத்தான் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். எழுதிவிடுகிறேன். குடிக்கமாட்டார். சீட்டாடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறமாட்டார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஆயிற்று, இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அவர் வாங்கிய ஜெர்மன் கார் இன்றைக்கும் சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பும். அவர் கட்டிய என் அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனிதருடைய பொறுப்பில் நடந்த காரியங்கள். அந்தக் காரைப் பற்றி யாராவது என்னிடம் வாயூறப் பேசினால் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வருகிறது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அத்தான் வளைகுடாவில், ஜப்பான் கார்கள் விற்கிற ஒரு கம்பெனியின் உதிரிபாகப் பிரிவில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் அந்த வண்டிகளைப் பற்றி ஒரே குறைதான். பாலைவனத்து மணலில் வருஷக்கணக்கில் ஓடின வண்டியைக் கொண்டுவருவானாம், ஒரு ஏர் ஃபில்டரும் நாலு டின் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போய்விடுவானாம், அப்புறம் ஆளையே காண முடியாதாம். "அதெல்லாம் ஒரு வண்டியாட்டி? தண்ணிப் பானை மாதிரி, இருக்கது தெரியாம இருக்கும். கேடாவாத வண்டிய யாரு நினைச்சுப் பாப்பா?" என்பார். கெட்டுப்போகாததை ஒரு குற்றமாகச் சொன்ன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் பேச்சுக்கு நாங்கள் அப்போது சிரித்தோம். இவர் தின்ற சோறு அந்தத் தண்ணிப் பானை போட்ட சோறு என்று அக்காவிடம் நான் குசுகுசுத்தேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கென்று அவர் வாங்கிப் போட்டிருந்ததும் அந்த ஜப்பான் இனத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார்தான். அதற்குப் பெயரே "வெள்ளை". கூப்பிட்டால் வந்து ஓட்டிக்கொடுக்க அடுத்த தெருவில் ஒரு டிரைவர் இருந்தார். பலாப்பழம், சிமெண்ட் மூட்டை, கிறிஸ்துமஸ் பஜனைக்குப் போகிற பெண்டுகள், பிரசவ வலியெடுத்த என் மகள் என்று வெள்ளை சுமக்காத சுமை கிடையாது. அதை மழைதான் குளிப்பாட்டும். எண்ணெய் மாற்றுவதுகூட டிரைவருக்கு நினைவு வந்தால்தான். புதுக்கடை முக்கில் ஒரு மெக்கானிக், மார்த்தாண்டத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கிற பாகம், காலையில் விட்டால் மத்தியானம் வண்டி வீட்டில். அத்தான் பிறகு அதை விற்றபோது தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரி ஒருவர் வாங்கினார். இப்போதும் ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு அது என்னைத் தாண்டிப் போகிறது, நான் நின்று பார்ப்பேன்.

ஜெர்மன் காரை அவர் ஒரு லீவில் வாங்கினார். கொச்சியில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்துப்போன வண்டி. இரண்டே சீட், தரையோடு தரையாக இருக்கும், வெள்ளி நிறம். வளைகுடாவில் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஒரு கண்ணாடிக் கடைக்குள் அதே மாதிரி வண்டி நிற்குமாம், தினமும் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பிடித்து உட்காருவாராம். ஆசைப்பட்டதை வாங்கினார், அதிலே எனக்கு ஒரு குற்றமும் இல்லை. எங்கள் வழக்கப்படி புது வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சபைப் போதகரான ஐயர் ஜெபித்த பிறகுதான் ஓட்டுவோம். சர்ச் வாசலில் ஒரு வேகத்தடை. வெள்ளை அதன்மேல் ஆயிரம் தடவை ஏறி இறங்கியது. ஜெர்மன்காரனுக்கு வயிறு தட்டியது. கறக் என்று ஒரு சத்தம், அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஐயர் அங்கியோடு சாலைக்கே இறங்கி வந்து, வெயிலில் நின்று, கொதிக்கிற பானட்டில் கையை வைத்துச் சுருக்கமாக ஜெபித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பிறகு அத்தான் ரப்பர் மரத்தில் இரண்டு பலகை அறுத்து வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டார். வேகத்தடை வந்தால் நிறுத்துவார், இறங்குவார், பலகையை முன்னாலும் பின்னாலும் சாய்த்துப் போடுவார், மெதுவாக ஏற்றி இறக்குவார், மறுபடியும் இறங்கிப் பலகையை எடுத்துத் துடைத்து உள்ளே வைப்பார். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்கென்று எவனோ ஜெர்மனியில் ராப்பகலாக உட்கார்ந்து செய்த வண்டி, புதுக்கடை சாலையில் பலகை போட்டு நகர்ந்தது. சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். அத்தானுக்கு அது சிரிப்பாகவே படவில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பொறுமை வரும் என்பார்.

அந்தக் கார் நல்ல காரா கெட்ட காரா என்று கேட்டால் எனக்கு நியாயமாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாய் வெயிலில் விரிந்துவிடும். கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மோட்டார் நின்றுவிடும். முன்னால் டயர் ஓர் அளவு, பின்னால் டயர் வேறோர் அளவு, எதுவும் இங்கே கிடைக்காது. பாட்டரியை மாற்றினாலும் அதைக் கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துவைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வண்டி ஒத்துக்கொள்ளாதாம். முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் அத்தான் முகம் செத்துவிடும். உடனே திருவனந்தபுரத்துக்குப் போன், லாரியில் ஏற்றி அனுப்புவது, ஜெர்மனியிலிருந்து பாகம் வருகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பது. பாகம் வந்துவிட்டது என்று தகவல் கிடைத்த அன்றைக்கு அந்த மனிதர் முகத்தில் வருகிற சிரிப்பை அவருடைய மகன் பிறந்த அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை. "இதுக்கு ஒண்ணுண்ணா தன்னாலயே சொல்லும் கேட்டியா. நாம அதுக்குக் கூட நிக்கணும்" என்பார். ஒரு சர்வீஸ் தவறியதில்லை, ஒரு நாள் தள்ளிப்போனதில்லை. அதை மட்டும் நான் மறுக்கவே மாட்டேன்.

அவர் லீவு முடிந்து போய்விட்டால் வண்டி அடுத்த லீவுவரைக்கும் ஷெட்டில் நிற்கும். நின்றால் பாட்டரி இறங்கிவிடும் என்று அக்காவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். சனிக்கிழமை சாயந்திரம் அவள் குளித்துவிட்டு, ஈரக் கூந்தல் சீட்டில் படாதபடி துண்டைச் சுற்றிக்கொண்டு, ஷெட்டுக்குள் போய் அந்த வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். கார் ஓட்டவே தெரியாதவள். கொஞ்ச நேரம் எஞ்சின் உறுமும், அவள் ஸ்டியரிங்கைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அணைத்துவிட்டு வளைகுடாவுக்குப் போன் செய்து சத்தம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு சனிக்கிழமை போயிருந்தபோது ஷெட் முழுக்கப் புகை, இவள் இருமிக்கொண்டு உள்ளே இருக்கிறாள். "வெளிய வாக்கா, செத்துப் போவ" என்று கத்தினேன். "இன்னும் நேரம் ஆகல்லட்டி" என்றாள். கடைசியில் பார்த்தால், அப்படி நின்ற இடத்திலேயே ஓடவிட்டதால்தான் எண்ணெயில் ஈரம் சேர்ந்து எஞ்சினுக்குக் கேடு என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் குற்றமும் அக்கா தலையில் வந்தது. அவளுக்குச் சரியாக ஸ்டார்ட் பண்ணத் தெரியவில்லையாம். சீ, இப்படியும் ஒரு நாக்கு.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் ரொம்ப நாளாக உண்டு. அது கண்ணைப் பிடித்துவிட்டது என்று அத்தான் வளைகுடாவில் இருந்த காலத்திலேயே தெரிந்துபோயிற்று. திருவனந்தபுரத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், நல்ல கெட்டிக்காரி. போன பார்வையைத் திருப்பித் தர முடியாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், ஆனால் சொன்ன தேதிக்கு வந்து கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டால் பொறுப்பில்லை என்று எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். அக்காவும் விடவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு வெள்ளையில் போவாள், பள்ளிக்கூடம் லீவென்றால் நானும் கூடப் போவேன். ஊசி போட்டு ஒரு கண்ணைக் கட்டிவிடுவார்கள். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவாள். வழியில் நிறுத்தி நெய் ரோஸ்ட் வாங்கித் தரச் சொல்லுவாள், சர்க்கரைக்காரி தின்னலாமா என்று நான் திட்டுவேன், தின்றுவிடுவாள். அப்போதெல்லாம் அவளுக்குப் பார்வை நிலையாக நின்றது. ஊசியில் நூல் கோர்ப்பாள், எனக்குப் பேன் பார்ப்பாள்.

பிறகு அத்தான் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்ததும் செய்த முதல் காரியம், வெள்ளையை விற்றது. ஜெர்மன் கார் நிற்கிற முற்றத்தில் அது நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பது அவர் கவலை. "அப்போ அக்கா ஆஸ்பத்திரிக்கு எதுல போவா?" என்று நேராகவே கேட்டேன். "நான் இருக்கேன்லா. ராணி மாதிரி கொண்டு போவேன்" என்றார். ஒரு தடவை கொண்டும் போனார். அதற்குப் பிறகு நான் எப்போது கேட்டாலும் அக்கா, "ஆங், போயிட்டு வந்தோம். இப்ப பரவால்லண்ணு சொல்லியாச்சு" என்பாள். நான் வருகிறேன், டாக்ஸி பிடித்துப் போவோம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "நீ எதுக்குட்டி மெனக்கெடுக? அவருதான் கூட்டிட்டுப் போறாருல்லா" என்பாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிற மகனிடமும் அதையேதான் சொன்னாள். புருஷன் கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஒருத்தி வாய்நிறையச் சொல்லும்போது யார் போய் நோண்டிக் கேட்பார்கள்?

ஒரு நாள் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் கறுப்பு வலை விழுந்தது. கொஞ்ச நாளில் அடுத்ததும் போயிற்று. அத்தான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், வாடகைக் காரில். திரும்பி வந்து, "சர்க்கரை முத்திப் போச்சாம், டாக்டர் கை விரிச்சிட்டாவ" என்று எல்லோரிடமும் சொன்னார். சபையில் அவளுக்காக ஜெபித்தார்கள். பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, அப்படியே ஷெட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அடுக்களையில் சுவரைத் தடவித் தடவி நடக்கப் படித்தாள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சர்க்கரை செய்த வேலை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். போன வருஷம் நாகர்கோவிலிலிருந்து இரண்டு பையன்கள் கேமராவோடு வந்தார்கள். பழைய வண்டிகளைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவர்கள், மரியாதையான பிள்ளைகள். ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை நம்மூரில் வைத்துக் காப்பாற்ற முடியாது, ஜப்பான் வண்டிதான் நிலைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, நீங்கள் எப்படி இத்தனை வருஷம் வைத்திருக்கிறீர்கள் என்று அத்தானைக் கேட்கவேண்டுமாம். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டிமேல் சாயாமல், ஒரு சாண் தள்ளி நின்று பதில் சொன்னார். "ஜெர்மன், ஜப்பான் ஒண்ணும் இல்ல மக்களே. பாத்துக்கிட்டா எதுவும் ஓடும். சொன்ன தேதிக்கு சர்வீஸ், ஒண்ணு கூட விடப்படாது. ஒரு தடவ விட்டா பின்ன பிடிக்க முடியாது." நான் அன்றைக்கு அக்காவுக்கு மீன் குழம்பு கொண்டு போயிருந்தேன். அவளை வராந்தாவில் நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு பையன் கேமராவை எங்கள் பக்கம் திருப்பினான். "ஆன்ட்டி, நீங்க இந்தக் கார்ல போயிருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அக்கா சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"ஒரு நாள் போனேன் மக்களே. கண் ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வரும்போ வாந்தி எடுத்துட்டேன். சீட்டு கேடாயிட்டு. பின்ன நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல. அதான் கண்ணு போச்சு."

அழாமல், யாரையும் குற்றம் சொல்லாமல், இன்றைக்கு என்ன கறி என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். கேமரா பிடித்திருந்த பையனுக்குக் கை இறங்கிவிட்டது. எனக்கு மீன் சட்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அப்போது அத்தான் வாயைத் திறந்தார். அவர் மன்னிப்புக் கேட்பார், அல்லது பொய் என்று மறுப்பார் என்று நினைத்தேன். "சீட்டு கேடாகல்ல" என்றார். "அது ஒரிஜினல் லெதர்தான். பாருங்க, மாத்தவே இல்ல. தையல் கூட ஃபாக்டரி தையல்." கதவைத் திறந்து காட்டினார். பையன்கள் குனிந்து பார்த்தார்கள். வேறு என்ன செய்வார்கள் பாவம்.

அவர்கள் போனதும் அக்காவை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய் உலுக்காத குறையாகக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போகும்போது வேகத்தடைக்கெல்லாம் அவள்தான் இறங்கிப் பலகை போட்டாளாம், அத்தானுக்கு முதுகுவலியாம். ஊசி போட்டு ஒரு கண் கட்டு, மறு கண்ணில் மருந்து விட்டதால் வெயில் குத்துகிறது. தரையோடு ஒட்டின சீட், காலை நீட்டவும் முடியாது, சாயவும் முடியாது, ஒவ்வொரு குலுக்கலும் தலைக்கு ஏறுகிறது. களியக்காவிளை தாண்டும் முன்னே வயிற்றைப் புரட்டி, நிறுத்தச் சொல்லும் முன்னே வந்துவிட்டது. அத்தான் வண்டியை ஓரம் கட்டி அவளை இறங்கச் சொன்னார். வண்டியின் முன்பெட்டியிலிருந்து சீட் துடைக்கிற நுரை டப்பாவையும் துணியையும் ஒரு பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் எடுத்தார். சீட்டின் தையலுக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அக்கா வாயைக்கூடக் கழுவவில்லை. சேலையில் வாந்தியோடு, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, சாலையோரத்தில் ஒரு பழக்கடை நிழலைப் பார்த்து நடந்தாள். கடைக்காரப் பெண் ஒரு ஸ்டூலைப் போட்டு, தண்ணீர் மொண்டு கொடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாளாம்.

"அந்தக் கார் தேய்க்கிற ஆளு யாரு, உங்க கூட வந்தவரா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"டிரைவர்ண்ணு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "புருஷன்னு சொல்ல எனக்கு நாணமா இருந்துதுட்டி."

நுரை காயவேண்டும் என்று அத்தான் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அவளை அதில் ஏற்றிவிட்டார். ஒற்றைக் கண் கட்டோடு, யாரோ ஒரு ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டு, புதுக்கடை வரைக்கும் அவள் தனியாக வந்து சேர்ந்தாள். வீட்டில் அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். ஒரு வாரம் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்து சீட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைப் பார்த்த பிறகு அடுத்த தேதி வந்தபோது அவள் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

நான் ஷெட்டுக்குப் போனேன். பையன்கள் தொட்ட இடத்தையெல்லாம் அவர் துடைத்துக்கொண்டிருந்தார். "அத்தான், டாக்டர் குடுத்த தேதி உங்களுக்குத் தெரியும்லா? ஏன் கூட்டிட்டுப் போகல்ல?" என்று கேட்டேன். அவர் துணியை மடித்து மறுபக்கம் திருப்பினார்.

"அவ கேக்கல்லியே. வண்டிண்ணா லைட்டு போட்டுக் காட்டும். மனுசி வாயத் திறந்து கேக்கணும்லா?"

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்தார், அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தொண்டை வரைக்கும் வந்த எச்சிலை அந்தப் பளபளக்கிற தரையிலேயே துப்பினேன். அவர் அதையும் துடைத்தார். இதற்குமேல் ஒரு மனிதரை அருவருக்க எனக்குத் தெரியாது. அக்காவைத் தக்கலையில் என் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "அவருக்குச் சோறு யாரு குடுப்பா?" என்றாள். கண் தெரியாதவள் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள், நான் பஸ் ஏறினேன்.

சில மாதத்தில் அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார், ஒரு நாள்கூடப் படுக்காமல். அடக்கத்துக்கு எங்கிருந்தோ பத்திருபது ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசைகட்டி வந்தன. வேகத்தடையில் ஒவ்வொன்றாக வயிறு தட்டிக்கொண்டு வந்தன. கல்லறைத் தோட்டத்து வாசலில் எல்லோரும் சேர்ந்து எஞ்சினை உறுமவிட்டு மரியாதை செய்தார்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. ஐயர் தம்முடைய பிரசங்கத்தில், தமக்குக் கொடுக்கப்பட்டதை இவ்வளவு உண்மையாய்ப் பேணிக் காத்த ஒருவரைத் தாம் கண்டதில்லை என்றார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையை நான் பிடித்திருந்தேன். பெண்டுகள் மூக்கைச் சிந்தினார்கள்.

இப்போது அக்கா என்னோடு தக்கலையில் இருக்கிறாள். போன வாரம் அந்தப் பையன்கள் படத்தை வெளியிட்டுவிட்டார்கள், அத்தானுக்கு அஞ்சலி என்று தலைப்புப் போட்டு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எனக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குத் தெரியாதே. நான் முழுவதையும் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கீழே ஆயிரம் பேர் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள். இப்படியல்லவா ஒரு பொருளை நேசிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். போனைச் சுவரில் எறியாமல் இருந்தது பெரிய காரியம். அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் அயர்லாந்திலிருந்து மகன் பேசும்போது சொல்லிவிட்டான். "அந்தப் படத்தப் போடுட்டி, கேக்கட்டு" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்தி வைத்தேன். முதலில் பாட்டு. பிறகு எஞ்சின் உறுமியது, அவளுக்கு அது நன்றாகத் தெரியும், தலையை ஆட்டினாள். பிறகு அத்தான் குரல், சொன்ன தேதிக்கு சர்வீஸ், ஒன்றுகூட விடக்கூடாது. "இனி என்னையக் கேப்பான். பேசாம இரி" என்று என் கையைத் தட்டினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். அத்தான் டயரைப் பற்றிப் பேசினார், தோலைப் பற்றிப் பேசினார். வராந்தாவே வரவில்லை. மறுபடியும் பாட்டு வந்தது. பிடித்திருந்தால் சப்ஸ்கிரைப் பண்ணுங்க என்று பையன் சொன்னான். சத்தம் நின்ற பிறகும் அக்கா அப்படியே குனிந்திருந்தாள்.

"நான் சொன்னது வரல்லியாட்டி?"

"வெட்டிட்டானுவக்கா."

"அட, போட்டி. அவனுவ நல்ல பிள்ளைகளாக்கும். நான்தான் மெதுவாப் பேசியிருப்பேன்" என்றாள். "சத்தத்தக் கூட்டி வச்சு, முதல்லேருந்து போடு."